உள்ளே வெற்றிடமான கட்டைக்குத் தோள்வார் மாட்டிய கதை

சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் நாட்களில், வடுவூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வயலில் மண்ணை மேடாகக் குவித்து, அதன்முன் காகித இலக்கு வைத்துச் சுட்டுப் பழகுவது என் வழக்கம். என்னுடையது 0.177 அங்குலக் காற்றுத் துப்பாக்கி. குழல் விட்டம் இதற்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வடுவூர் ஏரிக்கு வரும் பறவைகள் எங்கள் வயலிலும் இறங்கும். அவை மேயும் பொழுதில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதே இல்லை.

களத்திலிருந்து மேட்டுக்குப் போக ஒற்றையடி வரப்புதான் வழி. மூன்று கிலோ எடையைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடப்பது சரிப்படாததால், தோள்வார் மாட்ட விரும்பினேன். துப்பாக்கியின் குழலைத் தாங்கி, பின்னால் தோளில் பதியும் பாகமே கட்டை; என்னுடையதில் அது பிளாஸ்டிக். மரக்கட்டைக்குரிய, வார் கோக்கும் திருகு வளையத்தை அப்படியே அந்தப் பிளாஸ்டிக் கட்டையின் அடியில் முடுக்கினேன். மூன்றாம் நாள் வாய்க்காலைத் தாண்டும்போது திருகு பிடுங்கிக்கொண்டு வர, துப்பாக்கி சேற்றில் விழுந்தது. குண்டு ஏற்றியிருக்கவில்லை என்பதே ஆறுதல்.

பின்புற ரப்பர் அட்டையின் இரண்டு திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. மூன்று மில்லிமீட்டர் சுவரும் குறுக்கே இரண்டு விலாக்களும் தவிர, உள்ளே முழுக்க வெற்றிடம். திருகின் நான்கைந்து புரிகள் கடிப்பதற்குக்கூட அங்கே சதை இல்லை. வெற்றிடம் முழுவதையும் எப்பாக்ஸி என்ற இறுகும் பசையால் நிரப்பிவிடலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை: மொத்தமாக ஊற்றினால் அது இறுகும்போது கடுமையாகச் சூடேறும்; எடையும் பின்பக்கம் கூடும்; சில வகைப் பிளாஸ்டிக்கில் எப்பாக்ஸி ஒட்டவே ஒட்டாது. ஆகவே, பசையை நம்பாமல், இழுவை முழுவதையும் ஒரு திடப்பொருள் தாங்கும்படி செய்வதே முறை என்று முடிவு செய்தேன்.

தச்சரிடம் பூவரசு மரத்தில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றைக் கட்டையின் உள்வளைவுக்கு ஏற்ப இழைத்து வாங்கினேன். பூவரசு எளிதில் பிளக்காது. பிறகு நாச்சியார்கோவிலில் ஒரு பட்டறைக்குப் போனேன். குத்துவிளக்கின் தண்டையும் தட்டையும் தனித்தனியே வார்த்து, கடைந்து, புரிபோட்டு இணைக்கிற ஊர் அது. ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் புரிபோட்ட, ரூபாய் நாணயம் அளவுள்ள தடித்த பித்தளை வட்டு வேண்டுமென்றதும், பட்டறைக்காரர் விளக்குக்குப் பார்ப்பதைப் போலவே போல்ட்டை அதில் ஏற்றி இறக்கி, ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கையில் கொடுத்தார்.

கட்டையின் அடியில் ஓடும், வார்ப்பு அச்சு விட்ட வரியே நடுக்கோடு. பின்முனையிலிருந்து ஏழு சென்டிமீட்டரில் கூர்முனையால் புள்ளி குத்தி, பிளாஸ்டிக் உருகாதபடி மெதுவாகத் துளையிட்டேன். வளையத்தின் போல்ட் சுவரையும் மரத்துண்டையும் ஊடுருவி, உள்ளிருக்கும் வட்டில் இறுகுகிறது. மரம் அசையாதிருக்க மட்டும் கொஞ்சம் அரால்டைட் பசை வைத்து ஒருநாள் காயவிட்டேன்.

முன்பக்கம்தான் கடினம். குழலை மடக்கி உள்ளிருக்கும் சுருள்வில்லை அழுத்தும் என்னுடையதைப் போன்ற துப்பாக்கியில், அடியில் உள்ள பிளவில் நெம்புகோல் போய்வருவதால் நடுவில் துளையிட இடமே இல்லை. இடப்பக்கச் சுவரில்தான் போட வேண்டியிருந்தது. உள்ளே போல்ட்டின் தலை எதிலாவது உரசுமா என்றறிய, அதன்மேல் சப்பாத்தி மாவை அப்பி, கட்டையைப் பூட்டி, வில் பூட்டிக்கொள்ளும் முன்புவரை குழலைக் கையை விடாமல் மெல்ல மடக்கித் திருப்பினேன். கழற்றிப் பார்த்தபோது மாவு ஓரிடத்தில் காகிதம்போல நசுங்கியிருந்தது. தலையை ஒரு மில்லிமீட்டர் அரம் போட்டுத் தேய்த்து, மறுபடி மாவு வைத்துப் பார்த்த பிறகே முடுக்கினேன்.

பத்து லிட்டர் தண்ணீர் கேனை வாரில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டதில் எதுவும் நெகிழவில்லை. சுடும்போது மட்டும் வாரைத் தளர்த்தியே விடுகிறேன். சுருள்வில் துப்பாக்கியை வார் இறுக்கினால் குண்டு விழும் இடம் மாறிவிடும். அதன் அதிர்வு முன்பக்கத் திருகைத் தளர்த்துமென்பதால், திருகு தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு இட்டிருக்கிறேன். இருந்தும் களத்துக்குத் திரும்பியதும் விரலால் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டே உறையில் வைக்கிறேன்.