எட்டு டு எட்டு: கூலியில் காணாமல் போகும் நான்கு மணி நேரம்

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் டூட்டி நேரம் கேட்டால் "காலை எட்டு டு ராத்திரி எட்டு" என்பார். ஏஜென்சி அப்படிச் சொல்லித்தான் சேர்த்திருக்கும். அதில் கடைசி நான்கு மணி நேரம் ஓ.டி., அதாவது மிகைநேர வேலை, என்பதே பலருக்குத் தெரியாது.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வேலைநாட்களான 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500, அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 62.50. மிகைநேரத்துக்குக் குறைந்தது இரண்டு மடங்கு என்கிறது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவு. ஆக மணிக்கு 125, நான்கு மணிக்கு 500. பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்கு அன்று 1,000 ரூபாய், அதாவது இரண்டு நாள் கூலி, சேர வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கேட்டை இரண்டு பேர் பன்னிரண்டு மணி நேரம் வீதம் பார்த்தால் நான்கு நாள் கூலி. மூன்று பேர் எட்டு மணி நேரம் வீதம் பார்த்தால் மூன்று நாள் கூலிதான். ஓ.டி.யை விழுங்கினால் மட்டுமே இரண்டு ஷிப்ட் மலிவு. ஏஜென்சி தரும் கொட்டேஷனில் ஓ.டி.க்கென்று தனியாகத் தொகை எழுதவில்லையா, கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில். மஸ்டரில் எட்டு மணி நேரத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்குவார்கள். அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வேண்டிய ரிலீவர் வராமல் 24 மணி நேரம் நின்றால், அதை இன்னொரு நாள் டூட்டியாக எழுதி ஒற்றைக் கூலி கொடுப்பார்கள். ஆனால் கேட் நோட்டு இருக்கிறது. இரவு 7.50க்கு உள்ளே வந்த தண்ணீர் லாரியின் எண் அதில் காவலரின் கையெழுத்திலேயே இருக்கும். தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டும் வங்கிப் பாஸ்புக்கும் கூடவே இருக்கட்டும். வேலையை விடும்போது "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்.

புகார் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு. ஏஜென்சியோடு, வேலை வாங்கிய நிறுவனத்தின் பெயரையும் எழுதுங்கள். ஒப்பந்ததாரரான ஏஜென்சி கூலி தராவிட்டால், முதன்மை வேலையளிப்பவரான அந்த நிறுவனம்தான் தர வேண்டும். தனியாகப் போனால் மறுநாளே ஊர்க்கோடி சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஒரே சைட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதினால் அத்தனை பேரையும் மாற்ற ஏஜென்சியிடம் ஆள் இருக்காது.