போர்ச் ஒதுக்கும் படலம்

5 அக்டோபர் 2025, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்தான். வீட்டுக்குள் ஒட்டடை அடிக்க எல்லாரும் தயார், போர்ச் பக்கம் மட்டும் யாரும் திரும்புவதில்லை. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் பல வீடுகள் இப்படித்தான்: பக்கத்தில் சுவர், மேலே ஜிங்க் தகரக் கூரை, முன்னால் கிரில். பேர் கராஜ், காடி (கார்) நிற்பது ரோட்டோரம். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்தபோது அத்தை கொண்டுவந்த மூட்டைகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. மதியம் கூரை கொதிக்கிறது, சாயங்காலம் மழை வந்தால் தரை நசநசக்கிறது.

11 அக்டோபர், சனி

“ஏம்மா, அதத் தொடாத. புல்லு மருந்து!”

மினரல் வாட்டர் போத்தலில் நீலப்பச்சையாக ஏதோ இருந்தது. அத்தை தோட்டத்தில் மருந்து அடித்தவர், நிறத்தைப் பார்த்தே பாராகுவாட் என்று சொல்லிவிட்டார். 2002-ல் தடை வந்து, 2006-ல் தளர்ந்து, 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் முழுசாகத் தடை செய்யப்பட்ட சரக்கு. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, முறிவு மருந்தும் கிடையாது. அதுதான் குடிதண்ணீர் போத்தலில், பேரப்பிள்ளைகள் சைக்கிள் எடுக்கும் இடத்தில்! என் வீட்டுக்காரர் இவரைக் கேட்டால் மாமா காலத்தது என்கிறார். போய்ச் சேர்ந்தவர் மேல் பழி போடுவது சுலபம். சாக்கடையில் ஊற்றக் கூடாது. மூடியை இறுக்கி, வாளிக்குள் நிறுத்தி, ‘விஷம்’ என்று எழுதி ஒட்டிப் பூட்டியாயிற்று. எங்கே ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவில் கேட்க வேண்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

போர்ச்சில் உபரி கேஸ் தோம்பு (சிலிண்டர்), 14 கிலோ. வெளியே வைத்தால் திருட்டுப் போகும் என்கிறார் இவர். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய போர்ச்சில் மோட்டார் சைக்கிளை முடுக்கினால் போதும், தீப்பிடித்துவிடும். பின்கட்டில், சாக்கடையை விட்டுத் தள்ளி, காற்றாட நிறுத்திச் சங்கிலி போட்டோம். புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெட்ரோலும் தின்னரும் அதன் பக்கத்தில் போகக் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு சண்டை.

13 அக்டோபர், திங்கள்

அத்தையின் பிரஷர் மாத்திரைப் பெட்டியிலேயே 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது. ஜிங்குக்கு அடியில் இருந்த உபரிப் பெட்டிகளை மருந்துக்கடைக்காரரிடம் காட்டப் போகிறேன். முறுக்கு மாவு உள்ளே வந்துவிட்டது, எலி முந்திக்கொள்வதற்குள்.

16 அக்டோபர், வியாழன்

இன்று காகிதம். அட்டைப்பெட்டியின் அடியைக் கரையான் தின்றிருந்தது. பிஸ்கட் டின் தப்பித்தது. உள்ளே தாத்தாவின் பழைய அடையாள அட்டை. 1948 ஜூன் 16-ல் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. அந்த வருடமே அடையாள அட்டையும் வந்தது. தோட்டத்தில் பிறந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு (நிரந்தரவாசி அடையாள அட்டை) காலம் தள்ளியவர்கள் அத்தையின் சொந்தத்திலேயே உண்டு. பிறப்புப் பத்திரம் என்றால் அவர் குரல் மாறிவிடும். “இதையா இங்க வெச்சிருந்தீங்க?” என்று மகனைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் இப்போது படுக்கையறை அலமாரியில். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கல்யாணப் படங்களை யாரும் பிய்க்கக் கூடாது என்றேன், மேல் படலம் உரிந்து முகமே போய்விடும்.

18 அக்டோபர், சனி

பழைய டயர்கள்தான் பாக்கி. உள்ளே தேங்கிய தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு நெளிகிறது. கொட்டிவிட்டால் போதாது, முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். பழைய இரும்பு எடுக்கிறவர் டயர் வேண்டாம் என்கிறார். இவர் அதில் பூச்செடி வைக்கலாம் என்கிறார். தேய்த்துக் கழுவி, அடியில் ஓட்டை போட்டால் சரி என்றிருக்கிறேன்.