“சொல்லி அனுப்புறோம்” என்ற பிறகு

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் டாகுமென்டேஷன் வேலைக்கு இன்டர்வியூ. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் மண்ணடி, அப்புறம் நடைதான். கேட்டதற்கெல்லாம் ஓரளவு பதில் சொன்னேன், ஒன்றைத் தவிர. “டெமரேஜுக்கும் டிடென்ஷனுக்கும் என்னம்மா வித்தியாசம்?” என்று மேனேஜர் கேட்டார். பதற்றத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் பயோடேட்டாவின் ஓரத்தில் ஏதோ குறித்தார். கடைசியில், “சரிம்மா, சொல்லி அனுப்புறோம்.”

இதற்கு முன் இரண்டு இடங்களில் இதே வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டு வந்து, வாரக்கணக்கில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் இந்தத் தடவை எழுந்திருக்கும்போதே கேட்டேன்: “எப்போதைக்குள்ள தெரியும் சார்? அதுக்குள்ள வரலைன்னா யார்கிட்ட கேட்கணும்?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்குள் தெரியும், வராவிட்டால் தன்னையே கேட்கலாம் என்று கார்டை எடுத்துத் தந்தார். பின்னால் எனக்குத் தைரியம் தந்தது இந்த ஒரு கேள்விதான். நாளைச் சொன்னது அவர். அது தாண்டியபின் கேட்டால் தொல்லை என்று யாரும் நினைக்க முடியாது.

பக்கத்து வீட்டு அண்ணன் பல வருடமாகக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை பார்ப்பவர். “நன்றின்னு மட்டும் மெயில் போட்டா பத்தோட பதினொண்ணாப் போயிடும்மா. தப்பாச் சொன்னியே, அதையே எழுது” என்றார். அன்று மாலையே எழுதினேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, அந்தக் கேள்விக்கு நான் சொன்னது தவறு என்று ஆரம்பித்து, சரியான பதிலையும் சேர்த்தேன்: இலவச நாட்கள் முடிந்தும் இறக்குமதிக் கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் கட்ட வேண்டிய கட்டணம் டெமரேஜ், வெளியே எடுத்துப் போய்விட்டு, காலிக் கன்டெய்னரைக் கெடுவுக்குள் திருப்பி ஒப்படைக்காவிட்டால் கட்ட வேண்டியது டிடென்ஷன். மொத்தமே ஆறு வரி.

வெள்ளி போனது. சனி, ஞாயிறும் போனது. அம்மா, “நேர்ல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன்” என்றார். அப்பா காலத்தில் பாரிமுனை கடைகளில் அப்படிப் போய் நின்றுதான் வேலை வாங்கினார்கள். ஆனால் இப்போது ஆபீஸில் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். கார்டில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பலாமா என்றும் கை துறுதுறுத்தது. அனுப்பவில்லை. நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை, பழைய மெயிலுக்குக் கீழேயே மூன்று வரி எழுதினேன். இன்டர்வியூ நடந்த தேதி, வேலையின் பெயர், முடிவு எந்த நிலையில் இருக்கிறது, என்னிடமிருந்து சான்றிதழ் ஏதாவது வேண்டுமா. அவ்வளவுதான். “எனக்குக் கிடைக்குமா” என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பாதி வழியில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அதற்கும் பதில் இல்லை. வியாழன் காலை பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். “இப்போ பேசலாமா சார்?” என்றதுமே, “கப்பல் கட்-ஆஃப், கடைசி நேரக் கெடு ஓடுதும்மா, நாலு மணிக்கு மேல கூப்பிடு” என்று வைத்துவிட்டார். குரலில் எரிச்சல். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாலே காலுக்கு மறுபடி கூப்பிட்டேன். அதே மனிதர், வேறு குரல்: “டெமரேஜ் மெயில் போட்ட பொண்ணுதானே? உன் பேரைத்தான் அனுப்பியிருக்கேன். ஹெட் ஆபீஸ்ல அப்ரூவல் வரணும். பத்து நாள் பொறு.”

அந்தப் பத்து நாளும் நான் சும்மா இருக்கவில்லை. மாதவரத்தில் ஒரு குடோன் ஆபீஸில் இன்டர்வியூ முடித்துவிட்டு வந்தேன். வாய்ப்பேச்சை நம்பி மற்ற கதவுகளைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பதாம் நாள் லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து ஆர்டர் வந்தது. அம்மாவிடம் காட்டிவிட்டு, முதல் வேலையாக மாதவரத்துக்கு மெயில் எழுதினேன்: வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், எனக்காக இடத்தை வைத்திருக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் அவர்களிடமிருந்து பதில் வந்தது. “சொன்னதற்கு நன்றி, அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.”