சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு

பட்டப்படிப்பு முடிவுகள் வெளியாகும் காலத்தில், உறவுக்காரப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் என்னை அழைத்து, "அண்ணா, நுழைவுத் தேர்வு கடினமாக இருக்குமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில், திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் என்னும் அகில இந்தியத் தேர்வு உண்டு. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணையும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் கொண்டே தரவரிசை போடுகிறார்கள். வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் கிடைக்கும் கட்-ஆஃப் அதைவிட உயரத்தில் நிற்கும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களின் விண்ணப்பம் தகுதியற்றதாகிவிடும் என்பதைப் பலர் கட்டணம் செலுத்திய பிறகே அறிகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு சொல்: இது முழுநேரப் படிப்பு, 70 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு. சேர்ந்த பிறகு நேர்வதைத்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சட்டம் என்றால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தேன். ஒருவர் இழைத்த தீங்குக்கு நஷ்ட ஈடு கேட்பதைப் பற்றிய தீங்கியல் பாடத்தில் முதலில் வந்து நின்றது இஞ்சி பீர் பாட்டிலுக்குள் இருந்த ஒரு நத்தை. 1932இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த, ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவரின் வழக்கு அது. உள்தேர்வில், பழுதான மின்விசிறி விழுந்து காயமடைந்த வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிய கேள்விக்கு, கவனக்குறைவின் இலக்கணத்தையும் நத்தை வழக்கையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பத்துக்கு மூன்று மதிப்பெண் வாங்கினேன். "விதியெல்லாம் சரி, அந்த ஆளுக்கு நஷ்ட ஈடு கிடைக்குமா, கிடைக்காதா என்று எங்கேயும் சொல்லவில்லையே" என்று ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார். நடந்தது என்ன, அதில் எழும் கேள்வி என்ன, அதற்குப் பொருந்தும் விதி எது, முடிவு என்ன என்ற வரிசை கைக்கு வர எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மாவட்ட நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம் என்றாலும், உயர் நீதிமன்றத்தின் மொழியும் உச்ச நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலமே என்பதால், தீர்ப்புகளை ஆங்கிலத்தில் வாசித்தே ஆக வேண்டும். ஆர்வக்கோளாறில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி வழக்கிலிருந்து தொடங்கிவிடாதீர்கள். 13 நீதிபதிகள் 68 நாட்கள் கேட்டு 1973இல் அளித்த, நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் அந்தத் தீர்ப்பில் நான் முதல் நாளே தலைகுப்புற விழுந்தேன். பத்துப் பக்கத் தீர்ப்பு ஒன்றை எடுத்து, வழக்கின் கதையை மட்டும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பதே எனக்குக் கைகொடுத்தது.

பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நோட்ஸ்களிலும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான 302 இன்று 103, ஊரே அறிந்த 420 இன்று 318. ஆயினும் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் சில ஆண்டுகளுக்கு இரண்டையும் அறிந்திருக்கத்தான் வேண்டும்.

மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றம், மனு எழுதப் பழகும் வரைவுப் பாடம் ஆகியவை வந்து போகும். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் என விதிக்கப்பட்டிருக்கும் இன்டர்ன்ஷிப்பை மட்டும் சான்றிதழுக்காகக் கழித்துவிடாதீர்கள். வழக்குப் பட்டியலைப் பார்ப்பது, நீதிமன்ற ஆவணங்களின் நகல் கேட்டு மனு போடுவது, திரும்பி வந்த மனுவில் குறையைச் சரிசெய்வது ஆகிய எல்லாவற்றையும் எனக்குக் கற்றுத் தந்தவர் சீனியர் வழக்கறிஞர் அல்லர், அவருடைய குமாஸ்தா அண்ணன்தான்.

பட்டம் பெற்றபின் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுத வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, எங்களைப் போன்ற முதல் தலைமுறை வழக்கறிஞர்களுக்குப் பெரிய ஆறுதல். அதே ஆண்டில், சீனியரிடம் தொழில் பழகும் ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகையை மாதம் தவறாமல் வாங்கும் ஜூனியர் ஒருவரை நான் இன்னும் நேரில் சந்திக்கவில்லை. ஆகவே தொடக்க காலச் செலவுகளைப் பற்றி வீட்டில் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கவுன் அணிந்த முதல் வாரத்தில், சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருப்பதாகச் சொல்லி வாய்தா கேட்க எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒற்றை வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொல்லி முடித்ததும், நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது எதைப் பற்றிய வழக்கு?" என்று கேட்டார். காலையிலிருந்து அந்த வழக்குக் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு திரிந்த நான், அதைப் பிரித்தே பார்த்திருக்கவில்லை.