அம்பை ஏழும் புகையானும்

போன பிசானப் பருவத்தில் அப்பா போன் செய்தார். "ஏலே, நடு வயல்ல ரெண்டு எடத்துல வட்டமாக் கருகிக் கெடக்கு. தண்ணி கெடக்கத்தான் செய்யி." தூரை விலக்கி, தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு வந்து, "மொய்ச்சுக் கெடக்கு. நீ அங்க இதத்தான வளக்க?" என்றார்.

அதைத்தான் வளர்க்கிறேன். ஆய்வகத்தில் என் சம்பளமே, நெல் தூரில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியான புகையானை வளர்க்கத்தான். வலைக்கூண்டுக்குள் டிஎன்1 நாற்று வைத்து, அது காய்ந்ததும் வேறு நாற்று மாற்ற வேண்டும். (டிஎன் என்றால் தமிழ்நாடு என்றே முதல் மாதம் முழுக்க நினைத்திருந்தேன். அது தைவானின் தைச்சுங் நேட்டிவ்.) எந்த ஊர்ப் புகையானும் உறிஞ்சிக் கொழுக்கும் நெல் அது.

அப்பா நட்டிருந்தது அம்பை 16. அதற்கு மூத்த அம்பை 7, எங்கள் ஊரான அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துச் சிவப்புக் கார் சம்பா. அது பிலிப்பைன்ஸ் வரை போய்ப் பேர் வாங்கிய கதை ஊரில் யாருக்கும் தெரியாது. புகையானைத் தாங்கும் முதல் இரண்டு மரபணுக்களை 1971இல் கண்டறிந்தார்கள். ஒன்று முட்கோ ரகத்தில், இன்னொன்று அம்பை ஏழில். முட்கோவில் கண்ட அதே மரபணுவோடு, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐஆர்26 ரகம் 1973இல் வெளிவந்தது. சில வருடம்கூட ஆகவில்லை, அதையும் உறிஞ்சும் புகையான் அங்கே பெருகிவிட்டது. 1976இல் வந்த ஐஆர்36இல் இருந்தது நம் அம்பை ஏழில் கண்ட அதே மரபணு. 1980களில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நட்டார்கள்.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப அதையே இங்க நட்டா?" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிலிப்பைன்ஸ் பூச்சியைத் தடுத்த அந்த மரபணு, நம் பக்கத்துப் பூச்சியிடம் எடுபடாது. இந்தியா, இலங்கைப் புகையானுக்கு முட்கோவும் ஒன்றுதான், அம்பை ஏழும் ஒன்றுதான். இங்கே நின்று காட்டுவது கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்றவை.

பார்க்க எல்லாம் ஒரே பழுப்புப் பூச்சி, ஆனால் கூட்டம் வேறு. 1967 ஜூலையில் ஜப்பானுக்குத் தெற்கே நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலில் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து விழுந்தன. ஜப்பான் குளிரில் புகையான் பிழைக்காது. வருடாவருடம் சீனப் பக்கமிருந்து காற்றேறித்தான் போகிறது. அதனால் அந்தப் பக்கத்துப் பூச்சிகள் ஒன்றோடொன்று கலந்து மரபில் அதிக வித்தியாசமில்லாமல் இருக்கின்றன. நம் பக்கத்துக் கூட்டம் தனி.

எந்த நெல்லை உறிஞ்ச முடிகிறது என்பதை வைத்துப் புகையானுக்கு வகை 1, வகை 2 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த எண்களில் பெரிய நம்பிக்கை இல்லை. பிரிட்டனில் ஆய்வு செய்த கிளாரிட்ஜும் டென் ஹாலண்டரும் 1980களின் தொடக்கத்திலேயே, ஒரு வகையை வேறு நெல்லில் ஏறக்குறைய பத்துத் தலைமுறை வளர்த்தால் அது மற்ற வகையாகிவிடுகிறது என்று காட்டினார்கள். புகையானுக்குப் பத்துத் தலைமுறை என்றால் ஒரு வருடம்கூட இல்லை.

படித்தபோது மண்டையில் ஏறாதது, தேன்துளிச் சோதனை செய்தபோது ஏறியது. நெல்லின் அடித்தூரில் வடிதாளை விரித்து, பட்டினி போட்ட பெண் பூச்சி ஒன்றை விட்டு, கோப்பையால் மூடிவிட வேண்டும். சாயம் ஏற்றிய தாள் ஆரஞ்சாக இருக்கும். பூச்சி சாறு குடித்துக் கழித்த இடம் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு குடித்திருக்கிறது.

பத்துச் செடி பிடிபி 33. பத்துப் பூச்சியும் ஒரே வயலில் பிடித்து ஒரே கூண்டில் வளர்ந்தவை. மறுநாள் காலை கோப்பைகளை எடுத்தேன். எட்டுத் தாளில் குண்டூசித் தலை அளவுக்கு அங்கொன்றும் இங்கொன்றும் நீலப் புள்ளி. மற்ற இரண்டிலும் ஓர் ஓரம் முழுக்க நீலம் பரவிக் கிடந்தது, டிஎன்1இல் குடித்த மாதிரியே.

சராசரி எடுத்து நோட்டில் எழுதினேன். அந்த இரண்டு பூச்சியை மட்டும் கூண்டுக்குத் திருப்பி விடாமல், பிடிபி 33 நாற்று வைத்த தனிக் கூண்டில் விட்டிருக்கிறேன்.