திரையில் எண்பத்தெட்டு

“அண்ணா, சென்ட்ரல் பார்க் வெப்பநிலை எண்பத்தெட்டைத் தொட்டுவிட்டதே!” என்று தம்பி கைப்பேசியை நீட்டினான். “தொட்டுவிட்டது என்று சொல்ல முடியாது” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மின்தேவையைக் கணிப்பது எங்கள் பிழைப்பு. நியூயார்க் கோடையில் ஒரு டிகிரி ஏறினாலும் ஏ.சி.க்கள் இழுக்கும் மின்சாரம் ஏறும். அதனால் சென்ட்ரல் பார்க்கில் பெல்வடியர் கோட்டையருகே மரங்களுக்கு நடுவில் நிற்கும் அந்த வானிலைக் கருவியின் குணம் எனக்கு அத்துப்படி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பட்டியலில் வெப்பநிலையை முழு செல்சியஸாக்கி, அதைத்தான் மறுபடி ஃபாரன்ஹீட்டாக மாற்றிக் காட்டுகிறார்கள். கருவி 87 ஃபாரன்ஹீட் என்று அளந்தால் அது 30.6 செல்சியஸ், முழு எண்ணாக்கினால் 31, திரும்ப மாற்றினால் 87.8, அதாவது திரையில் 88. நிஜமான 88-ம் அதே 31 ஆகத்தான் வரும். ஒரு நாளின் உச்ச வெப்பநிலை எவ்வளவு என்று பந்தயம் கட்டும் கல்ஷி என்ற சந்தையில் பணம் தீர்வாவதோ தேசிய வானிலைச் சேவையின் தினசரி அறிக்கையை வைத்து. இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினேன்.

அவன் அன்றைய உச்சம் 86–87-க்குள் நிற்கும் என்ற கட்டத்தை வாங்கினான். கூட்டம் 88–89 பக்கம் சாய்ந்துவிட்டதால் அது மலிவாகக் கிடந்தது. மறுநாள் காலை அறிக்கையில் 87.

நிறுவனத்தின் கணிப்பு எதையும் நான் வெளியே விடவில்லை. சொன்னது யாரும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அந்தச் சந்தையில் ஒருவர் கைக்கு வரும் டாலர் இன்னொருவர் விட்ட டாலர். திரையில் 88-ஐப் பார்த்து, இனி மாறாது என்று நம்பி வாங்கியவர் ஒருவர் இருந்திருப்பார். பந்தயம் கட்டுகிறவர் கருவியைப் பற்றிப் படித்துவிட்டு வர வேண்டாமா? வேண்டும்தான். அவன் மட்டும் படித்துவிட்டா வந்தான்?

அன்றைக்கே அடுத்த கேள்வி: “நாளைக்கு உங்கள் கணிப்பு மாடல் என்ன சொல்கிறது, அண்ணா?”

“அது கம்பெனி சொத்து. கேட்காதே.”

“நேற்றுச் சொன்னது?”

“அது பொது விஷயம்.”

“பொது விஷயம் என்றால் எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் இன்னும் பதில் அகப்படவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வருடக்கணக்காக ஒரே கருவியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சேர்ந்த அறிவு அது. அதில் எது என்னுடையது, எது அவர்களுடையது? மேலாளரைக் கேட்டால் “எதையும் சொல்லாதே” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அது தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறேன்.

இப்போது சிகாகோ மிட்வே விமான நிலையத்தைப் பற்றி விசாரிக்கிறான். அந்த ஊர் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு ஊரிலும் ஒரே வகைக் கருவிதான் என்பதை அவன் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகாது.