தண்ணீர் கொழிக்கும் மண்

ரெங்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மண் படித்தவர்களுக்கு மட்டும் தெரியும். கருங்கல் சிதைந்து உண்டான ஒரு மண்வகைக்கு எங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பால்மரமும் (ரப்பர்) பிறகு செம்பனையும் வளர்ந்த அந்த மண்ணைப் பதினோரு வருடமாக ஆய்வுக்கூடத்தில் கலக்கிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் அதற்குத்தான்.

தோட்டத்திலிருந்து வரும் மண்ணை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, உயரமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரோடு கலக்கி வைப்போம். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. இறங்கும் வேகத்தை வைத்து மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று கணக்கிடுவோம். 0.05 மில்லிமீட்டருக்கு மேலான மணல் ஒரு நிமிடத்துக்குள் பத்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். 0.002 மில்லிமீட்டர் களித்துகள் அதே தூரம் இறங்க, 20 டிகிரி தண்ணீரில் ஏறக்குறைய எட்டு மணி நேரமாகும். ஏர்கோன் பழுதாகி அறை 29 டிகிரிக்குப் போனால் தண்ணீர் இளகிவிடும், ஆறரை மணி நேரம் போதும். துகளின் விட்டம் பத்து மடங்கானால் இறங்கும் வேகம் நூறு மடங்கு. ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் 1851-இல் எழுதிவைத்த கணக்கு இது.

மகள் ஒரு நாள் பள்ளிப் பாடமாக, எண்களைக் கணினி வரிசைப்படுத்தும் வழியான பபிள் சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். 100 எண்ணுக்கு 4,950 ஒப்பீடு வரை ஆகலாம். என் குழாயில் கோடிக்கணக்கான துகள்கள். எதுவும் எதையும் ஒப்பிடுவதில்லை. தன் எடைக்கும் தண்ணீரின் தடைக்கும் ஏற்ப விழுகிறது, வரிசை தானாக அமைகிறது. (மண்ணை அள்ளிப் போட்டால் ஒன்றை ஒன்று இடித்துக் கணக்குக் கெடும், அதனால்தான் கொஞ்சமாகப் போடுகிறோம்.) மகளிடம் சொன்னேன். "பரீட்சையில அதை எழுத முடியாதுப்பா" என்றாள்.

தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி ஞாபகம் வந்தது. புடைத்தால் உமி பறக்கும். கொழித்தால் கல்லும் குருணையும் பிரியும். ஆறு மணலை ஒதுக்கிக் கரையில் சேர்ப்பதற்கும் தமிழில் கொழித்தல் என்றுதான் பெயர். பாட்டியின் மணிக்கட்டு செய்ததும் ஆறு செய்வதும் ஒரே வேலை என்று யாரோ எப்போதோ கவனித்திருக்கிறார்கள். அல்கோரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

கருங்கல்லையும் மழை அப்படித்தான் கொழித்திருக்கிறது. கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் லேசான அமிலம். அது கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை அரித்து வெண்களியாக்கும். அதிலிருந்த பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும்; அதைத்தான் இன்று தோட்டங்கள் பொட்டாஷ் உர மூட்டைகளாகக் காசு கொடுத்து வாங்குகின்றன. இரும்பு துருவாகி மண்ணுக்கு மஞ்சளும் செம்மையும் ஏற்றும். கருங்கல்லின் இன்னொரு கனிமமான குவார்ட்ஸ் மட்டும் அசையாது. ரெங்கம் மண்ணை ஈரமாகப் பிசைந்தால் களிக்குள் நறநறவென்று விரலில் படுவது அதுதான்.

போன வருடம் ஒரு தோட்டத்தின் நாற்பது மாதிரிகள் வந்தன. என் எண்களை வாங்கிய கணினி, முக்கால்வாசியை மணற்பாங்கு என்று வகைப்படுத்தி, மணலில் உரம் தங்காது என்பதால் உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடச் சொன்னது. மேனேஜர் போன் செய்து, செலவு எகிறுகிறதே என்றார். கணினி சொன்னால் சரி என்றேன். பக்கத்து மேசை அக்கா ஒரு பிடி மண்ணை நனைத்து, கட்டை விரலால் நாடாவாகத் தள்ளினார். ஐந்து சென்டிமீட்டர் தாண்டியும் அறவில்லை. "தம்பி, இது மணலா?"

அக்காவின் விரலுக்கும் ஒரு படிமுறை உண்டு. உருண்டை நிற்கிறதா, நாடா எவ்வளவு நீளம், நறநறக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும் அந்தப் படத்தை 1979-இல் தீன் என்பவர் வெளியிட்டார். எங்கள் சுவரில் அதன் நகல் ஒன்று கறை படிந்து தொங்குகிறது. சதவீதம் சொல்ல அதனால் முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய தப்பு அதன் கண்ணுக்குத் தப்பாது.

தப்பு என்னுடையது. களித்துகள்களைப் பிரித்துவிட ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல் ஊற்றுவோம். அது நாள்பட்டால் மெல்ல மெல்ல வேறு பாஸ்பேட்டாகச் சிதைந்து வலுவிழக்கும். நான் ஊற்றியது இரண்டு மாதப் பழசு. இரும்புத் துரு கட்டிப்போட்ட களித்துகள்கள் பிரியாமல், கொத்துக் கொத்தாக, மணல் வேகத்தில் இறங்கியிருக்கின்றன. தண்ணீர் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது, கணினியும் அப்படியே. கட்டிப்பிடித்திருந்த துகள்களை நான்தான் தனித்தனி என்று எண்ணி எழுதிவிட்டேன்.

நாற்பதையும் புதுக் கரைசலில் மறுபடி செய்தேன். இரண்டு வாரம் போனது. முதல் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

இப்போது பாட்டில் மூடியில் தேதி ஒட்டுகிறேன். குழாய் கழுவும்போது அடியில் தங்கும் குவார்ட்ஸ் மணலை மைலோ டின்னில் சேர்க்கிறேன், எதற்கென்று தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடலை வறுக்க அருமையான மணல் என்றார் அம்மா. கெமிக்கல் பட்டது என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.